கைக்கும் கலத்துக்கும் இடையே

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், காடும் குளமும் சூழ்ந்த வவுனியாவிலே பிரித்தானிய விமானப்படையின் ஓடுபாதை ஒன்று இருந்தது. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் யப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கிச் சென்றபின், இலங்கையைச் சூழ்ந்த கடலைக் காவல் செய்வது பிரித்தானியருக்கு அவசரக் கருமமாயிற்று. அதன் பொருட்டு 1943, 1944ஆம் ஆண்டுகளில் 22ஆம், 217ஆம் படையணிகளைச் சேர்ந்த பியூபோர்ட் விமானங்கள் வவுனியாவில் நிலைகொண்டிருந்தன. இரண்டு எந்திரங்களும் நான்கு வீரரும் கொண்ட அக்கலம், கப்பல்களைத் தாக்கும் டோர்ப்பிடோ ஒன்றைத் தன் வயிற்றிலே சுமந்து செல்லவல்லது.

அவ்விமானத்தைச் செலுத்தியவனின் கையிலே ஒரு தண்டு இருந்தது. தண்டிலிருந்து கம்பிகளும் கோல்களும் புறப்பட்டுச் சிறகின் ஓரத்திலும் வாலிலும் உள்ள மடிப்புத் தகடுகளைச் சென்றடைந்தன. கை அசைந்தால் தகடு அசையும். தகட்டின்மீது காற்று மோதினால் அம்மோதல் கம்பி வழியே திரும்பி வந்து கையை உறுத்தும். வேகம் மிகுந்தால் தண்டு கனக்கும். வேகம் குறைந்தால் இளகும். கலம் என்ன நிலையில் உள்ளது என்பதைக் கண்ணால் அறியுமுன்னரே உள்ளங்கை அறிந்துகொண்டது. மூக்கணாங்கயிற்றைப் பிடித்திருக்கும் வண்டிக்காரன் மாட்டின் மனத்தைக் கயிற்றினாலேயே அறிவது போன்றதே இதுவும்.

இன்றோ அதே வன்னி மண்ணில், நான்கு சிறு விசிறிகளைக் கொண்ட ட்ரோன் ஒன்றை இளைஞன் ஒருவன் வயல் வரம்பில் நின்று பறக்கவிடும்போது, அவன் பெருவிரல்களுக்கு அடியிலும் இரண்டு தண்டுகள் இருக்கின்றன. அவை விரல் நீளமும் இல்லாதவை. அவற்றிலிருந்து கலத்துக்குக் கம்பி எதுவும் செல்லவில்லை. காற்றின் கனமும் அவற்றில் ஏறுவதில்லை. தண்டை எவ்வளவு தள்ளினால் கலம் எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதைக் கலத்தின் நடுவிலுள்ள ஒரு சிறு மின்பலகை தீர்மானிக்கின்றது. பிளைட் கொன்ட்ரோலர் என்று வழங்கும் அப்பலகையில் எண்களாக எழுதி வைக்கப்படும் அத்தீர்மானத்தையே தண்டின் துலங்கல் என்கிறோம். வவுனியாவின் ஓடுபாதைக்கும் வயல் வரம்புக்கும் இடைப்பட்ட எண்பது ஆண்டுகளில், கைக்கும் கலத்துக்கும் நடுவே என்னென்ன புகுந்தன என்பதே இத்துலங்கலின் வரலாறு.

கதை வவுனியாவுக்கும் முந்தியது. 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆந் தேதி, அமெரிக்காவின் கிற்றி ஹோக் கடற்கரையில் ரைட் சகோதரர் நான்கு முறை பறந்தனர். முதற் பறப்பு 12 செக்கன் நீடித்தது. கடந்த தூரம் 120 அடி. நான்காவது பறப்பு 59 செக்கனில் 852 அடி சென்றது. இவ்வெண்கள் பாடப்புத்தகங்களில் உள்ளவை. ஆனால் அப்பறப்புகள் யாவும் நேராகச் செல்லாமல், அலைமேற் படகு போல் ஏறியும் இறங்கியும் சென்றன என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கலத்தின் முன்புறத்தில் அமைந்த ஏற்றத்தகடு அளவுக்கு மிஞ்சிய கூர்மையுடன் வேலை செய்தது. கைப்பிடியைச் சிறிது அசைத்தாலும் தகடு முழுதும் திரும்ப முற்பட்டது. ஓர்வில் ரைட் மேலே செலுத்தினால் கலம் மிகையாக மேலே பாய்ந்தது. திருத்தக் கீழே செலுத்தினால் நிலத்தை நோக்கி விழுந்தது. எனவே மனிதன் எந்திர வலுவாற் பறந்த முதல் நாளிலேயே, தண்டின் துலங்கல் தவறாக அமைந்திருந்தது என்று துணிந்து சொல்லலாம். பறக்கும் கலத்தை அமைத்தவர்கள் அதனைக் கைக்கு இசைவிப்பதற்கு மேலும் இரண்டு ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது.

ஒரே தண்டை முன்பின்னும் இடம்வலமும் அசைத்துக் கலத்தைச் செலுத்தும் முறையைப் பிரான்சு நாட்டவராகிய றொபேர் எஸ்னோ பெல்தெரி 1907ஆம் ஆண்டளவில் வகுத்தார். லூயி பிளேரியோ அத்தகைய தண்டு பொருத்திய கலத்திலேயே 1909 யூலை 25ஆந் தேதி ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். அதன்பின் தண்டின் வடிவம் பெரிதும் மாறவில்லை. மாறியது தண்டுக்குக் கீழே உள்ளதுதான்.

போருக்குப் பின் வந்த தாரை விமானங்கள் ஒலியின் வேகத்தை எட்டியபோது, காற்றின் அழுத்தத்தை எதிர்த்துத் தகடுகளை அசைக்க மனிதக் கையின் வலு போதவில்லை. ஆகவே எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பொறிகள் புகுத்தப்பட்டன. கை கட்டளையிட்டது, பொறி உழைத்தது. கை இளைப்பாறியது உண்மையே, ஆயினும் அது குருடாகியும் போயிற்று. காற்று என்ன சொல்கின்றது என்பது பொறியோடு நின்றுவிட்டது. எனவே வடிவமைப்பாளர் விந்தையான ஒரு வேலையைச் செய்தனர்: தண்டுக்கு அடியில் சுருள்வில்லும் காற்றுத் துருத்தியும் வைத்து, இல்லாத கனத்தைச் செயற்கையாக உண்டாக்கிக் கையை உறுத்தச் செய்தனர். மனிதனை ஏமாற்றுவதன்று இது. அவன் இழந்த புலனைக் கடனாகத் திருப்பிக் கொடுப்பது.

அடுத்த படியில் கம்பியும் கோலும் முற்றாக நீங்கின. தண்டின் அசைவு மின்குறியாக மாறி, ஒரு கணிப்பொறியின் வழியே தகடுகளைச் சென்றடைந்தது. இம்முறையிலமைந்த அமெரிக்கப் போர்விமானமாகிய எப்-16இன் முதல் மாதிரியில் தண்டு அசையவே அசையாது. விமானியின் வலப்புறத்தில் நிலையாக நாட்டப்பட்ட அத்தண்டு, கை கொடுக்கும் அழுத்தத்தை மட்டும் அளந்தது. அறிவுக்குப் பொருத்தமானதாகவே அது தோன்றியது. கைக்கு எவ்வாறு தோன்றியது என்பது 1974ஆம் ஆண்டு சனவரி 20ஆந் தேதி தெரியவந்தது.

அன்று பரீட்சை விமானி பில் ஓஸ்ட்ரைக்கர் அந்த மாதிரியை ஓடுபாதையில் வேகமாக ஓட்டிப் பார்க்க மட்டுமே எண்ணியிருந்தார். பறக்கும் எண்ணமில்லை. ஓட்டத்தின் வேகத்தில் முன்சக்கரம் சற்றே உயர்ந்தது. கலம் ஒரு பக்கம் சாய்ந்தது. அவர் திருத்தினார். தண்டின் துலங்கல் அளவுக்கு மீறி வைக்கப்பட்டிருந்தமையால் கலம் மறுபக்கம் இன்னும் அதிகமாகச் சாய்ந்தது. மீண்டும் திருத்தினார், ஊஞ்சல் போல ஆட்டம் வளர்ந்தது. வாற்பகுதித் தகடு ஓடுபாதையில் உரசியது. நிறுத்த முயன்றால் கலம் சிதறும் என்று கண்ட அவர், விசையைக் கூட்டி மேலே எழும்பிவிட்டார். நிலத்தை விட்டு எழுந்ததும் ஆட்டம் அடங்கியது. ஆறு நிமிடம் பறந்து பத்திரமாக இறங்கினார். அறிவிக்கப்பட்ட முதற் பறப்பு பெப்ரவரி 2ஆந் தேதியே நிகழ்ந்தது. உண்மையான முதற் பறப்போ தவறான ஒரு துலங்கல் எண்ணினால் நிகழ்ந்தது. பின்னர் அவ்வெண்கள் குறைக்கப்பட்டன. அசையாத் தண்டும் சிறிதளவு அசையுமாறு மாற்றப்பட்டது. எவ்வளவு தள்ளினோம் என்பதைத் தன் அசைவினாலேயே கை அறிய விரும்புகின்றது. அவ்விருப்பத்துக்குப் பொறியியல் விட்டுக்கொடுத்தது.

இதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர், 1969இல், கூப்பர், ஹார்ப்பர் என்னும் இருவர் ஓர் அளவுகோலை வெளியிட்டிருந்தனர். ஒரு கலம் கைக்கு எவ்வளவு இசைகின்றது என்பதற்கு விமானி ஒன்று முதல் பத்து வரை எண் இடுவான். ஒன்று மிகச் சிறந்தது, பத்து அடக்கமுடியாதது. கருவியால் அளக்க இயலாத ஒன்றைக் கையின் தீர்ப்புக்கு விட்ட அவ்வளவுகோல் இன்றும் வழக்கிலுள்ளது.

இவையெல்லாம் மனிதன் உள்ளே அமர்ந்து செலுத்திய கலங்கள். ஆளில்லாக் கலங்களின் வழி வேறு. 1898ஆம் ஆண்டு நியூயோர்க் நகரத்து மடிசன் சதுக்க மண்டபத்தில் நிக்கோலா டெஸ்லா சிறு படகொன்றை வானொலி அலைகளால் இயக்கிக் காட்டினார். 1935ஆம் ஆண்டளவில் பிரித்தானியர், பீரங்கிப் பயிற்சிக்கு இலக்காக, டைகர் மொத் வகை இருசிறகு விமானத்தை ஆளின்றிப் பறக்கவிட்டனர். அதற்குக் குவீன் பீ, அதாவது இராணித் தேனீ, என்று பெயர். அதைக் கண்ட அமெரிக்கக் கடற்படையினர் தம் கலங்களுக்கு ஆண்தேனீயைக் குறிக்கும் ட்ரோன் என்னும் சொல்லை வழங்கத் தொடங்கினர் என்பர். இராணித் தேனீயைச் செலுத்தியவன் கையில் தண்டு இல்லை. தொலைபேசியிலுள்ளது போன்ற எண்வட்டு ஒன்றே இருந்தது. வட்டைச் சுழற்றினால் இடம், வட்டை வேறாகச் சுழற்றினால் வலம், மற்றோர் எண்ணுக்கு ஏற்றம் என்றவாறு கட்டளைகள் சென்றன. கொஞ்சம் திரும்பு, இன்னும் கொஞ்சம் திரும்பு என்று சொல்ல அக்கருவிக்குத் தெரியாது.

பொழுதுபோக்காகச் சிறு விமானங்களை வானொலியால் இயக்கியோரும் முதலில் இக்குறையோடேயே வாழ்ந்தனர். 1950களில் பலரிடம் இருந்த பெட்டியில் ஒரே பொத்தான். அழுத்தினால் வாற்றகடு ஒருபக்கம் முழுதும் திரும்பும். விட்டால் நடுவுக்கு வரும். மறுபடி அழுத்தினால் மறுபக்கம் முழுதும் திரும்பும். தகட்டைத் திருப்பும் வலுவை முறுக்கிய இறப்பர்ப் பட்டி கொடுத்தது. 1960களில்தான் தண்டு எவ்வளவு சாய்கின்றதோ தகடும் அவ்வளவு சாயும் முறை பரவியது. அதனோடு புதிய தொல்லையும் பிறந்தது. தகடு முழு அளவு திரும்பினாற்றான் வானில் வித்தை காட்டலாம். ஆனால் அப்படி அமைத்தால், நேராகப் பறக்கும்போது விரலின் நடுக்கமும் கலத்தை ஆட்டும். இதற்கு மாற்றாக முதலில் ஓர் ஆளி வந்தது: கீழே தள்ளினால் மென்மை, மேலே தள்ளினால் கூர்மை. பின்னர் இரண்டையும் ஒரே தண்டில் இணைக்கும் வழி வந்தது. நடுப்பகுதியில் தண்டின் அசைவுக்குக் கலம் மெல்ல இசையும். ஓரத்தை நெருங்க நெருங்க விரைந்து இசையும். நேர்கோடு வளைகோடாயிற்று. பொழுதுபோக்குவோர் அதனை எக்ஸ்போ என்று சுருக்கி அழைத்தனர்.

வன்னிக் கமக்காரனுக்கு இது புதுமையன்று. இரணைமடுவிலாயினும் ஒரு சிறு கிராமத்துக் குளத்திலாயினும், விதைத்த புதிதில் துருசைத் திறப்பவன் கதவை மயிரிழை மயிரிழையாகவே தூக்குவான். முளை மூழ்கிவிடக் கூடாது என்பது அவன் கவலை. பயிர் வளர்ந்து நீர் வேண்டி நிற்கும் காலத்தில் தயக்கமின்றித் திறப்பான். தொடக்கத்தில் நுண்மை, தேவைப்படும்போது பெருக்கு என்னும் அதே விதியைத்தான் அந்த வளைகோடும் கணிதமாக எழுதி வைக்கின்றது.

வவுனியா ஓடுபாதைக்கு மீண்டும் வருவோம். இலங்கை விமானப்படை 1990களின் நடுப்பகுதியில் இஸ்ரேலிலிருந்து ஆளில்லா வேவு விமானங்களை வாங்கத் தொடங்கியது. முதலில் வந்தது சூப்பர் ஸ்கவுட். பின்னர் சேர்ச்சர், புளூ ஹொரைசன் வகைகளும் வந்தன. உள்நாட்டுப் போரின் இறுதி ஆண்டுகளில் அவை வவுனியாவிலிருந்தும் எழுந்து கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின்மேல் மணிக்கணக்கில் வட்டமிட்டன. அவ்வகைக் கலங்களை உயரத்திற் பறக்கும்போது தன்னியக்கக் கருவியே பெரிதும் நடத்தும். அறைக்குள் அமர்ந்திருப்பவன் திசையும் உயரமும் மட்டும் குறிப்பிடுவான். ஆனால் அக்குடும்பத்தைச் சேர்ந்த பழைய வகைகளில், ஏற்றுவதும் இறக்குவதும் ஓடுபாதையோரத்தில் பெட்டியைக் கையிலேந்தி நின்ற ஒருவனின் வேலை. புறநிலை விமானி என்று அவனைச் சொல்வர். கலம் அவனைவிட்டு விலகிச் செல்லும்போது வலம் வலமாகவே தெரியும்; அவனை நோக்கி வரும்போதோ தண்டை வலப்புறம் தள்ளினால் கலம் அவன் கண்ணுக்கு இடப்புறம் சாயும். இதே குடும்பத்து ஹண்டர் வகைக் கலங்கள் அமெரிக்கப் படையினரிடம் விபத்துக்குள்ளானதை ஆராய்ந்தவர்கள், மனிதத் தவறுகளுள் கணிசமான பங்கு தரையிறக்கும் வேளையிலே புறநிலை விமானியின் கையில் நேர்ந்ததைக் கண்டனர்.

லாண்ட்மாஸ்டர் உழவியந்திரம் ஓட்டியவர்களுக்கு இத்தடுமாற்றம் நன்கு தெரியும். சமநிலத்தில் இடக்கைப் பிடியை அழுத்தினால் எந்திரம் இடப்புறம் திரும்பும். குளக்கட்டுச் சரிவில் இறங்கும்போது அதே பிடியை அழுத்தினால் வலப்புறம் திரும்பிவிடும். ஏனெனில் பிணைப்பு விடுபட்ட சக்கரமே அப்போது விரைந்து உருளுகின்றது. கை கற்ற பாடம் சரிவில் பொய்த்துப்போகின்றது. அவ்விடத்தில் கவிழ்ந்த எந்திரங்கள் வன்னியில் சிலவல்ல.

வன்னி மக்கள் அவ்வேவு விமானத்துக்கு வண்டு என்று பெயரிட்டனர். அதன் எந்திரம் ஓயாது இரைந்தமையே காரணம். பிரித்தானியர் தேனீ என்றதும், அமெரிக்கர் ஆண்தேனீ என்றதும், வன்னியார் வண்டு என்றதும் ஒருவரையொருவர் கேட்டு வைத்த பெயர்கள் அல்ல. ஆயினும் அங்கே பெயரிட்டவர்கள் கலத்தைச் செலுத்தியவர்கள், இங்கே பெயரிட்டவர்கள் அதன்கீழ் இருந்தவர்கள். வண்டின் இரைச்சல் கேட்டால், அதைத் தொடர்ந்து எறிகணையோ குண்டுவிமானமோ வரக்கூடும் என்னும் அச்சத்தில் மக்கள் பதுங்குகுழிகளுக்குட் சென்றனர். 2008இலும் 2009இன் தொடக்கத்திலும் கிளிநொச்சியிலிருந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியே கிழக்குக் கரையை நோக்கி இடம்பெயர்ந்தவர்களின் தலைக்குமேல் அவ்வொலி இரவும் பகலும் இருந்தது. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிலே போர் முடிவுற்றது. செலுத்தியவனின் கைக்கும் கலத்துக்கும் இடையே பல மைல். கலத்துக்கும் நிலத்திலிருந்த செவிக்கும் இடையே சில ஆயிரம் அடி. பியூபோர்ட் விமானியின் உள்ளங்கையை உறுத்திய காற்று, இக்காலத்துக் கையை எட்டவே இல்லை.

போர் முடிவதற்கும் சிறு ட்ரோன் பிறப்பதற்கும் இடையில் அதிக காலம் செல்லவில்லை. அதன் தாய்வீடு போர்க்களமன்று, விளையாட்டுப் பொருட் கடை. நின்டென்டோ நிறுவனத்தின் வீ என்னும் விளையாட்டுக் கருவிக்காக, சுழற்சியை உணரும் கைரோஸ்கோப் சில்லுகள் மலிவாகச் செய்யப்பட்டன. 2010ஆம் ஆண்டளவில் பிரான்சைச் சேர்ந்த அலெக்சாந்தர் துபு, அவ்விளையாட்டுக் கருவியின் உதிரிப்பாகங்களைச் சிறு கணிப்பலகை ஒன்றோடு இணைத்துப் பல விசிறிக் கலங்களைப் பறக்கவைக்கும் மல்டிவீ என்னும் நிரலை எழுதி எல்லாருக்கும் திறந்துவிட்டார். அதன் வழித்தோன்றல்களாகக் கிளீன்பிளைட், பீட்டாபிளைட் ஆகியவை வந்தன. இவற்றை ஊதியமின்றி எழுதியவர் பலர்.

நான்கு விசிறிக் கலத்தை மனிதக் கை நேரடியாகச் செலுத்தவே முடியாது. சிறகும் வாலும் இல்லாத அது, நான்கு மோட்டார்களின் வேக வேறுபாட்டினாலேயே சாய்ந்தும் திரும்பியும் பறக்கின்றது. அவ்வேறுபாட்டைச் செக்கனுக்கு ஆயிரக்கணக்கான முறை திருத்தவேண்டும். பிளைட் கொன்ட்ரோலரே அதைச் செய்கின்றது. எனவே கை இங்கே கலத்தைச் செலுத்துவதில்லை. கலத்தின்முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றது. “செக்கனுக்கு இத்தனை பாகை வீதம் உருள்வாயாக” என்பதே அவ்வேண்டுகோள். தண்டு நடுவில் நின்றால் பலகைக்கு 1500 என்னும் எண் செல்லும்; ஓர் ஓரத்தில் 1000, மறு ஓரத்தில் 2000. இவ்வெண்ணைப் பாகை வீதமாக மாற்றித் தருவதுதான் துலங்கல் வளைகோடு.

பீட்டாபிளைட் நிரலின் 2022ஆம் ஆண்டுப் பதிப்பு இதற்கு மூன்று எண்களைக் கேட்கின்றது. முதலாவது நடுப்பகுதியின் கூர்மை. இரண்டாவது தண்டு ஓரத்தைத் தொடும்போது வேண்டும் உச்ச வேகம். மூன்றாவது இடைப்பட்ட கோடு எவ்வளவு வளைய வேண்டும் என்பது. யாரும் மாற்றாவிட்டால் அவை முறையே 70, 670, பூச்சியம் என்று இருக்கும். இதன் பொருளைக் கணக்கிட்டால் வியப்பு உண்டாகும். தண்டைப் பத்திலொரு பங்கு தள்ளினால் கலம் செக்கனுக்கு 13 பாகை மட்டுமே உருள முற்படும். பாதி தள்ளினால் 185 பாகை. முழுதும் தள்ளினால் 670 பாகை, அதாவது ஒரு செக்கனில் ஏறத்தாழ இரண்டு குட்டிக்கரணம். பத்திலொரு பங்குக்கும் முழுமைக்கும் தண்டில் உள்ள வேறுபாடு பத்து மடங்கு. கலத்தின் வேகத்தில் உள்ள வேறுபாடு ஐம்பது மடங்குக்கும் மேல். நேர்கோடாக அமைத்திருந்தால் முதற் பத்திலொரு பங்கிலேயே 67 பாகை வேகம் பிறந்திருக்கும். புதிதாகப் பழகுபவன் முதற் செக்கனிலேயே கலத்தை வரம்பில் மோதியிருப்பான். ரைட் சகோதரரின் ஏற்றத்தகட்டில் நேர்ந்ததும் ஏறக்குறைய இதுவே.

இவ்வெண்களை மாற்றுவதில் ஓர் ஒழுங்கு உண்டு. நடுக்கூர்மையை முதலிற் சரிசெய்ய வேண்டும். ஏனெனில் பறப்பின் பெரும்பொழுது தண்டு நடுவைச் சுற்றியே அசைகின்றது. கலத்தை நேராக ஒரு பனையை நோக்கிச் செலுத்தி, பனையின் வட்டைப் பார்வையின் நடுவிலே நிறுத்தி வைக்க முயன்றால் உண்மை வெளிப்படும். பனை இடமும் வலமும் துள்ளினால் கூர்மை அதிகம். தண்டைத் தள்ளியும் பனை நகரத் தயங்கினால் கூர்மை குறைவு. அதன்பின் உச்ச வேகம். பந்தயம் ஓடுபவனுக்கும் வானில் கரணம் போடுபவனுக்கும் 670 பாகை வேண்டியிருக்கலாம். குளக்கட்டின் அலைகரையைப் படம் எடுப்பவனுக்கு அதில் மூன்றிலொரு பங்கும் வேண்டியதில்லை. வளைவுக்கான எண்ணைக் கடைசியாகவே தொட வேண்டும். ஒரே நாளில் மூன்றையும் மாற்றுபவன், கலம் மாறியது எதனால் என்று பிறகு அறியமாட்டான்.

கடையில் ஆயத்தமாக வாங்கும் படப்பிடிப்பு ட்ரோன்களில் தண்டு கேட்பது உருளும் வேகத்தையன்று. சாய்வையோ செல்லும் வேகத்தையோ கேட்கின்றது. விரலை விட்டால் கலம் தானே நின்றுவிடும். ஆயினும் அவற்றிலும் இவ்வளைகோட்டை மாற்றும் இடம் உண்டு. வாங்கியவர்களுட் பலர் அதைத் திறந்து பார்ப்பதேயில்லை.

வன்னியில் பறக்கவிடுபவன் மற்றொரு பிழையையும் அறிந்திருக்க வேண்டும். சோளகமும் கச்சானும் வீசும் மாதங்களில், மரமற்ற வயல்வெளியிற் கலம் நடுங்கும். அந்நடுக்கத்தைத் தண்டின் துலங்கல் என்று கருதிச் சிலர் நடுக்கூர்மையைக் குறைத்துக்கொண்டே போவர். நடுக்கம் குறையாது, கை மட்டும் தளர்ந்துபோகும். வளைகோடு வேண்டுகோளை மட்டுமே எழுதுகின்றது. வேண்டியதைக் கலம் எவ்வளவு உறுதியாக நிறைவேற்றுகின்றது என்பது, காற்றையும் கனத்தையும் எதிர்த்து மோட்டார்களைத் திருத்தும் வேறு எண்களைப் பொறுத்தது. கட்டளை இடுபவனின் குரலைக் குறைத்தால் ஏவலாளின் நடுக்கம் தீராது.

அண்மைக் காலத்தில் இலங்கையின் நெல்வயல்களில் மருந்து தெளிக்கும் ட்ரோன்களும் புகுந்துள்ளன. படம் எடுப்போரும் நில அளவை செய்வோரும் முன்னரே வந்துவிட்டனர். 2019 ஏப்ரல் 21ஆந் தேதிக் குண்டுவெடிப்புகளின் பின் சில காலம் நாடெங்கும் ட்ரோன் பறப்பு நிறுத்தி வைக்கப்பட்டது. சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் பதிவையும் அனுமதியையும் பற்றிப் பேசுகின்றன. துலங்கல் வளைகோட்டைப் பற்றி எந்த விதியும் பேச இயலாது. அது பறக்கவிடுபவனின் கைக்கே விடப்பட்டது.

அவ்வளைகோட்டைக் கலத்தின் கீழே நிற்பவரும் கேட்கலாம். நடுப்பகுதி கூர்மையாக வைக்கப்பட்ட கலத்தில், விரலின் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு பக்க மோட்டார்கள் திடீரென விரைந்து மறுபக்கம் தளர்கின்றன. ஒலி கீச்சிட்டு ஏறியும் இறங்கியும் தாவுகின்றது. மென்மையாக வைக்கப்பட்ட கலத்தில் மோட்டார்களின் வேகம் படிப்படியாகவே மாறுகின்றது. ஒலியும் ஒரே இழையாக வந்து ஒரே இழையாகப் போகின்றது. வண்டின் இரைச்சலைக் கேட்டு வளர்ந்தவர்கள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இன்னும் நடுவயதைத் தாண்டாதவர்கள். வயலுக்கு மேலே அவ்வொலி எழும்போது அவர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். அதனால் அங்கே ட்ரோன் ஏற்றும் இளைஞன் முன்னரே அயல் வீடுகளுக்குச் சொல்லிவிட்டு, உச்ச வேகத்தைக் குறைத்து, நடுவை மென்மையாக்கிக்கொண்டு, வீட்டுக் கூரைகளை விலக்கி வயலின் அக்கரை வழியே கலத்தைக் கொண்டு செல்வானாயின், அவன் மாற்றிய அந்த இரண்டு எண்களும் வரம்பில் நிற்பவர்களின் செவிக்கும் எட்டும்.